கையைக் காட்ட முடியாத இடம்

செப்டம்பர் 2, செவ்வாய்

சிஸ்டர் அம்பாரோ படியில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அழவில்லை, “தோர்னோவைப் பூட்டிராதீங்கடி!” என்றுதான் கத்தினார். (இங்கே எல்லோரும் பேசுவது ஸ்பானிஷ். நான் எழுதுவது எங்கள் சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. ஐந்தாம் வகுப்புக்காரிக்கு வேறு வழி கிடையாது.)

தோர்னோ என்றால் என்னவென்று தங்கச்சி பிலோமி போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் அடைப்பு மடத்துக் கன்னியர். வெளியே போவதில்லை, வெளியாட்கள் முகம் பார்ப்பதில்லை. மடத்துச் சுவரில் ஒரு திறப்பு; அதற்குள் பீப்பாய் மாதிரி ஒரு மரப்பெட்டி சுற்றும். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் காசை வைத்துச் சுற்றுவார்கள். நாங்கள் இந்தப் பக்கம் இனிப்புப் பெட்டியை வைத்துச் சுற்றுவோம். முகம் கிடையாது. குரல் மட்டும்.

அம்பாரோ பத்தொன்பது வயதிலிருந்து அங்கே குரல் கொடுத்தவர். இனி யார்? மதர் பிலாருக்குக் காது மந்தம். சிஸ்டர் ரெமெதியோஸ் அடுப்பை விட்டு நகர முடியாது. சிஸ்டர் ஹொசேஃபா இது எந்த வருடம் என்பதையே தினமும் காலையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். மிச்சம் நான். நாற்பத்தெட்டு வயது. இந்த மடத்தின் சின்னப்பிள்ளை. பெயர் சவரியம்மாள், இவர்கள் வாயில் ஹவியேரா.

“நாளையிலேருந்து நீதான் தோர்னோ,” என்றார் மதர்.

“மதர், எனக்குப் பாஷை நொண்டும்.”

“என்ன?”

“நொண்டும்! நொண்டும்!”

“ஆமா, பாவம். இனிமே அம்பாரோ நொண்டத்தான் செய்வா.”

செப்டம்பர் 4, வியாழன்

மேலிடத்து மதர் இனெஸ் போன் செய்தார். எங்கள் சபையின் மடங்களுக்கெல்லாம் அவர்தான் பெரியவர். தோர்னோ ஓடினால் மடம் ஓடும். ஓடவில்லை என்றால் பூட்டு. சகல புனிதர் திருநாளுக்கு முன்னால் வந்து பார்ப்பாராம். பூட்டினால் ஐந்து பேரையும் ஐந்து ஊருக்குப் பிரித்துவிடுவார்கள். அம்பாரோவைக் கடலோரத்தில் நோயாளிகள் மடத்துக்கு அனுப்புவார்கள். அவர் பிறந்த வீடு இந்தத் தெருவில்தான் இருக்கிறது. இந்தத் தெருவைத் தாண்டி அவர் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்.

என்னைத் திண்டுக்கல்லில் இருக்கும் எங்கள் சபை மடத்துக்கு அனுப்புவார்களாம். எனக்கென்ன, அங்கே நல்ல புளி கிடைக்கும்.

செப்டம்பர் 5, வெள்ளி

சமையலறையில் மூன்று வருடம் கையை வைத்தே ஓட்டினேன். “எங்கே?” என்றால் விரலை நீட்டுவேன். “எப்போ?” என்றால் கடிகாரத்தைத் தொடுவேன். தோர்னோவில் நான் கையை ஆட்டுகிறேன், ஆட்டுகிறேன், சுவர்தான் பார்க்கிறது.

இடத்துக்கும் நேரத்துக்கும் இவர்கள் வைத்திருக்கும் குட்டிச் சொற்கள்தான் என் கழுத்தை அறுக்கின்றன. நம் ஊரில் ஒரு ‘ல’ போதும். வீட்ல, மேசைல, காலைல, ஐப்பசில. ஒரு ‘ல’வை எடுத்துப் பின்னால் ஒட்டினால் ஆச்சு. இங்கே முன்னால் ஒட்ட வேண்டும், அதுவும் ஒன்றில்லை. ஐந்து மணிக்கு ‘ஆ’. காலையில் என்றால் ‘போர்’. காலை ஐந்து மணிக்கு என்றால் அந்தப் ‘போர்’ ஓடிப்போய் ‘தெ’ வந்து உட்காரும். அக்டோபரில் என்றால் ‘என்’. திங்கட்கிழமைக்கு ஒன்றுமே கிடையாது. திங்கட்கிழமை என்ன பாவம் செய்தது?

செப்டம்பர் 8, திங்கள்

இன்று மாதா பிறந்தநாள். நான் சாகாமல் இருந்தேன்.

பாதாம் ரொட்டி மாலை ஐந்து மணியிலிருந்து கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். அதற்கு ‘தெஸ்தெ’. நான் ‘அஸ்தா’ போட்டுவிட்டேன். அது ‘ஐந்து மணி வரைக்கும்’. ஊர் முழுக்கக் காலையிலேயே வந்து நின்றுவிட்டது. அடுப்பு அப்போதுதான் சூடாகிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர், ரொட்டி எங்க?”

“அஸ்தா ஐந்து!”

“அதான் ஐந்து மணிக்குள்ள வந்துட்டோமே!”

“அஸ்தா! அஸ்தா!”

நான் கத்தக் கத்தக் கூட்டம் இன்னும் அவசரமாக நெருக்கியது. ஒரு பெண் தோர்னோவைக் காலியாகவே சுற்றிக்கொண்டிருந்தாள், ராட்டினம் மாதிரி. ரெமெதியோஸ் மாவுக் கையோடு ஓடிவந்து சத்தம் போட்டபிறகுதான் கலைந்தார்கள். ஐந்து மணிக்கு ஒருவரும் வரவில்லை. ரொட்டியை நாங்களே தின்றோம். ஹொசேஃபாவுக்கு மட்டும் சந்தோஷம்.

செப்டம்பர் 10, புதன்

ரெமெதியோஸ் பாடம் எடுத்தார். ஒரு பெட்டி, ஒரு கரண்டி. கரண்டி பெட்டிக்குள்ளே. பெட்டிக்குப் பின்னால். அடியில். பக்கத்தில். எல்லாம் சரியாகச் சொன்னேன். கண்ணால் பார்த்தால் வருகிறது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அவர் திரும்பிய நேரத்தில் கரண்டியை அவர் முதுகில் இடுப்புக் கயிற்றில் செருகிவிட்டு, “சிஸ்டர், இப்ப கரண்டி எங்க?” என்றேன். மதிய ஜெபம் வரைக்கும் தேடினார். கோயிலில் அவர் முட்டி போட்டபோது அது மணி மாதிரி விழுந்தது. மதருக்கே கேட்டுவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

போர். பாரா. போர். பாரா. நம் ஊர் ‘க்காக’ ஒன்றுக்கு இங்கே இரண்டு சொல். தலைவலி. மாத்திரை.

செப்டம்பர் 19, வெள்ளி

அம்பாரோ வந்துவிட்டார், சக்கர நாற்காலியில். கஞ்சி ஊட்டினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கேள்வி.

“தோர்னோ திறந்திருக்கா?”

“திறந்திருக்கு சிஸ்டர்.”

“இன்னைக்கு யார் வந்தா?”

“யூலோஹியோன்னு ஒரு விவசாயி. வெள்ளிக்கிழமை ஆளாம். ரெண்டு பெட்டி வாங்குனாரு. சிஸ்டர் அம்பாரோ செத்துட்டாங்களான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“இன்னும் இல்லைன்னேன்.”

அவர் சிரித்ததில் கஞ்சி என் மேல் தெறித்தது. அப்புறம் மெதுவாக, “சவரி, என்னையக் கடலுக்கு அனுப்பிருவாகளா? எனக்குக் கடல் புடிக்காது,” என்றார். நான் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன்.

இன்றைக்கு எழுத்து கோணலாக இருக்கிறது. பேனா சரியில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிலோமி போன்.

“ஏக்கா, மூணு வருசமாச்சு, இன்னுமா அந்தப் பாஷ வரல? எதிர்வீட்டு மருமக துபாய் போயி ஆறு மாசத்துல அரபு பேசுறா.”

“அவளுக்குக் கை இருக்குடி.”

“ஒனக்கு இல்லையா?”

“இருக்கு. சொவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கு.”

“ஒண்ணும் வெளங்கல. அங்குட்டு மழையா?”

“வைகாசியிலேருந்து சொட்டு இல்ல.”

“இங்குட்டும் இல்லக்கா. கண்மாய்ல பயலுக கிரிக்கெட் வெளையாடுறாய்ங்க.”

அக்டோபர் 6, திங்கள்

ஒரு பெண் வந்தாள். பெயர் லூர்தெஸ். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு லூர்து இருப்பதால் எனக்கு உடனே அவளைப் பிடித்துவிட்டது. மளமளவென்று பேசினாள். நம் ஊரில் யாராவது பேசினால் ‘உம்’ கொட்ட வேண்டும், இல்லையென்றால் மரியாதை இல்லை. நானும் ஒவ்வொரு மூச்சுக்கும் “சி, சி” என்று உம் கொட்டினேன். ‘சி’ என்றால் இங்கே ‘சரி’. சனிக்கிழமை, சாயங்காலம், தோட்டம், கல்யாணம் என்று அங்கங்கே சொல் பிடிபட்டது. கடைசியில் பெட்டி சுற்றியது. உள்ளே ஒரு டஜன் முட்டை.

“நன்றி சிஸ்டர்! நீங்க சரின்னு சொன்னதும் மனசு நிம்மதியாயிருச்சு!”

எதற்குச் சரி சொன்னேன்?

அக்டோபர் 7, செவ்வாய்

ரெமெதியோஸிடம் கேட்டேன். கல்யாணப் பெண் கிளாரம்மாள் மடத்துக்கு, அதாவது எங்களுக்கு, முட்டை கொடுத்தால் கல்யாணத்தன்று மழை பெய்யாது. அது இங்கே காலங்காலமாக உள்ள வழக்கமாம். நாங்கள் ஜெபிக்க வேண்டும். பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, மடத்துக்குப் பக்கத்துச் சத்திரத்தின் தோட்டத்தில், சாயங்காலம் கல்யாண விருந்து. மழை வேண்டாம்.

“மழை வேண்டாம்னா ஜெபிக்கணும்?” மறுபடி கேட்டேன். “வேண்டாம்னா?”

“ஆமாடி.”

“சிஸ்டர், எங்க ஊர்ல சின்னப்பிள்ளை வெளையாட்டுக்கு அப்படிச் சொன்னாக்கூட வாயிலயே போடுவாங்க.”

“இது உங்க ஊர் இல்ல. முட்டையை எடு, மஞ்சக்கரு இனிப்புக்கு வேணும்.”

முட்டை போயே போய்விட்டது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அதிலும் ஒரு தொல்லை. ஊர்க்காரர் வேண்டுதலை மாலை ஜெபத்தில் தோர்னோக்காரிதான் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஸ்பானிஷில். கடவுளுக்குத் தமிழ் தெரியும். மதர் பிலாருக்குத் தெரியாதே.

அக்டோபர் 10, வெள்ளி

யூலோஹியோ வந்தார். எப்போதும் வாங்குகிற இரண்டு பெட்டியை வாங்கினார், ஆனால் போகவில்லை. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார், நான் பிடித்துக்கொள்கிற மாதிரி மெதுவாக.

“சிஸ்டர், திங்கக்கெழம முட்டை கொடுத்தாளே லூர்தெஸ், அவ என் மக.”

“சி.”

“வெதைக்கணும். நெலம் ஓடு மாதிரி கெடக்கு. இந்த மாசம் விழலைன்னா இந்த வருசம் போச்சு. மழைக்கு வேண்டிக்கிருங்க.”

“எப்போ?”

“எப்பவேணா. கல்யாணத்தன்னைக்கே வந்தாலும் வரட்டும்.” “வீட்ல தெரிஞ்சா என்னையக் கொன்னுருவாளுக. உங்களோட இருக்கட்டும்.”

என் கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்தேன். அது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வாயாலும் சொன்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரே சாமி. ஒரே வீடு. அப்பனுக்கு மழை வேண்டும், மகளுக்கு வேண்டாம். வயல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தோட்டம் இந்தப் பக்கம். ‘வயல் மேல் பெய்யட்டும், தோட்டத்தின் மேல் வேண்டாம், சனி வரைக்கும் பொறுத்து ஞாயிறிலிருந்து பெய்யட்டும்’ என்று சொன்னால் இரண்டு பேருக்கும் ஆகும். ஒரு வாக்கியத்துக்குள் அத்தனை குட்டிச் சொற்கள். காலையிலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை தோட்டத்துக்குள் விதைத்தேன். ஒரு தடவை ஆற்றின் மேல் கல்யாணம் நடந்தது. இன்னொரு தடவை மழை சனிக்கிழமை வரைக்கும் விடாமல் பெய்தது.

மாலை ஜெபத்தில் எழுந்து நின்றேன். “ஆண்டவரே, வயல்களில் மழை தாரும்,” என்றேன். நான்கே சொல், சரியாக வந்தது. மிச்சத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

இன்றும் மறந்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

“முட்டைக்காரி வேண்டுதல் என்னாச்சு?” என்று ரெமெதியோஸ் கேட்டார். சொல்லத் தெரியவில்லை என்றேன். “நான் சொல்லித் தர்றேன்,” என்றார். அடுப்பில் பால் பொங்குது என்று ஓடிவந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபர் 18, சனி

மத்தியானம் வரைக்கும் வெயில். பாட்டுச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. ஆறு மணிக்குச் சத்திரத் தோட்டத்தின் மேல் இருட்டிக்கொண்டு வந்தது பாருங்கள், அப்படி ஒரு கார்மேகம்! முதல் சொட்டு முற்றத்தில் விழுந்து மண்வாசம் கிளம்பியபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அது கெட்ட காரியமா என்று தெரியவில்லை.

பிறகு கூச்சல். கல்யாணக் கூட்டம் அத்தனையும் தோர்னோ வாசலுக்குள் புகுந்துவிட்டது. ஆள்மேல் ஆள். மணியை ஒடித்துவிடுகிற மாதிரி அடிக்கிறார்கள். “சிஸ்டர், திறங்க! வயசானவங்க நனையுறாங்க!”

கோயிலின் வெளிக்கதவுச் சாவியைப் பெட்டியில் வைத்துச் சுற்றினேன். கோயிலுக்குள்ளே போங்கள் என்று சொல்ல ‘தெந்த்ரோ’. என் வாயில் வந்தது ‘தெத்ராஸ்’. அது ‘பின்னால்’. பாதிக் கூட்டம் நல்ல பிள்ளைகளாகக் கோயிலுக்குப் பின்னால் போய், கொட்டுகிற கூரைத் தண்ணீருக்கு நேர் கீழே நின்றது. அங்கிருந்து ஒரு பாட்டுக்காரர் வைதது உள்ளே வரை கேட்டது.

“இல்ல! இல்ல! தெந்த்ரோ! உள்ள! கதவு எடது பக்கம்! இல்ல, உங்களுக்கு வலது!”

அவர்கள் இடது என் வலது என்பது அப்போதுதான் புத்தியில் ஏறியது. நாக்கு பிசகிப் பிசகி, தொண்டை போகும் வரை கத்தினேன். துண்டுகள் பெஞ்சுக்கு அடியில். விளக்கு சுவிட்ச் மாதாவுக்குப் பின்னால். கழிப்பறை விருந்தினர் அறைக்குப் பக்கத்தில். ஒரு கிழவரை மட்டும் கடைசிவரை காணவில்லை, கோழிக்கூட்டில் இருந்தார். அங்கே எப்படிப் போனார் என்று கேட்டதற்கு, “சிஸ்டர்தான் போகச் சொன்னாக,” என்றாராம்.

கோயில் வாசல் மண்டபத்திலேயே விருந்தை முடித்தார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்னும் பெய்கிறது. பிலோமியிடம் சொல்லவில்லை, பொறாமைப்படுவாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

மதர் இனெஸ் வந்துவிட்டார். ஒல்லி. சிரிப்பதில்லை. நான் வேலை செய்யும்போது எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காலையில் வந்த ஐந்து பேரிடம் ஏழு தப்பு செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து ஒரு சின்ன மூச்சு.

அம்பாரோ இன்று கஞ்சி குடிக்கவில்லை. தலையைச் சீவிவிடச் சொன்னார், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி.

அக்டோபர் 22, புதன்

மணி அடித்தது. அந்தக் குரல்.

“நான் லூர்தெஸ். ஒரு டஜன் முட்டை கொடுத்தேன்.”

பின்னால் மதர் இனெஸ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“நாளைக்குப் பொறக்கப்போற எம் புள்ளைக்கு என்ன போட்டோ காட்டுவேன்? தல வழிய தண்ணி வடியுது. எங்க மாமியார், நீ குடுத்த முட்டை அழுகலோன்னு எல்லாருக்கும் முன்னால கேக்குது. நீங்க வேண்டுனீங்களா, இல்லையா?”

உம் கொட்ட முடியாத கேள்வி.

“இல்லை,” என்றேன்.

“ஏன்?”

எங்கள் ஊரில் கண்மாய் காய்ந்தால் மாடு சாகும், மழை வேண்டாம் என்று கேட்க எனக்கு நாக்கு வராது என்றேன். அதற்குள் எத்தனை ‘என்’, எத்தனை ‘போர்’ தப்பு என்று பின்னாலிருந்து வந்த மூச்சுகளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அவள் குரல் மாறியது. “வேற யாரும் மழை கேட்டாங்களா? ஊர்ல பேசிக்கிறாங்க. யாரோ உங்ககிட்ட வந்து கேட்டாங்கன்னு. யாரு?”

உங்கள் அப்பா என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி என் மேலிருந்து இறங்கிவிடும். நாற்காலிக்காரருக்கு முன்னால் மடத்தின் பெயரும் பிழைக்கும். அந்தச் சொல்லுக்கு முன்னால் எந்தக் குட்டிச் சொல்லும் வேண்டாம், தப்பே வராது.

“யாரு சிஸ்டர்?” இரண்டாவது தடவை.

“நான்தான் கேட்டேன். நான் மட்டும்.”

மூக்கை உறிஞ்சினாள். “அடுத்த தடவ வேற மடத்துக்குத்தான் முட்டை கொண்டு போவேன்.”

“அடுத்த தடவையா? மறுபடியும் கல்யாணமா? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

எங்கிருந்து வந்ததோ, சுத்தமாக வந்தது. அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சிரிக்கிற சிரிப்பு. மஞ்சக்கரு இனிப்பு ஒரு பெட்டி வைத்துச் சுற்றினேன். அவள் முட்டைதானே.

அவள் போனபின் மதர் இனெஸ் கேட்டார். “யார் கேட்டது?”

“மதர், தோர்னோவில் கேட்டது தோர்னோவில் இருக்கும்,” என்றேன். ‘வில்’லுக்கு ‘ஆ’ போட்டேன்.

“‘என்’,” என்றார். “‘ஆ’ இல்லை. ‘என்’.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 23, வியாழன்

பூட்டவில்லை. ஒரு வருடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் பாஷை மிக மோசம் என்று மதர் பிலாரிடம் சொன்னாராம். மதருக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

அம்பாரோவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். “கடல் இல்ல சிஸ்டர்.” சக்கர நாற்காலியைச் சன்னலுக்குத் தள்ளச் சொன்னார். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “எனக்குப் பசிக்குது,” என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

நாளை சகல புனிதர். காலையிலிருந்து வரிசை, தெருமுனை வரைக்கும் இருக்கிறதாம். கல்யாண மழையில் நனைந்தவர்களெல்லாம் வந்திருக்கிறார்கள் போல. கோழிக்கூட்டுக் கிழவர் குரலும் கேட்டது. யூலோஹியோ இரண்டு பெட்டிக்குப் பதில் நான்கு வாங்கினார். வயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஷூ ரொம்ப ஈரம், தரையை அழுக்காக்கிவிட்டேன், மன்னியுங்கள் என்றார்.

பதினோரு மணிக்குச் சரக்கு தீர்ந்தது. அடுத்த அடுப்பு இறங்கச் சாயங்காலம் ஆகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்: மிச்சம் சாயங்காலத்தில். ‘என்’ போட்டேன்.

“போர்!” என்று சுவருக்கு அந்தப் பக்கம் மொத்த வரிசையும் கத்தியது. “சிஸ்டர், போர்!”

“போர்,” என்றேன்.

“எத்தன மணிக்கு?”

‘ஆ’ என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சொல் எப்போதோ நாக்கில் ஏறிவிட்டது. வரிசை காத்திருந்தது.

“என் ஆறு,” என்றேன்.

அந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் பெட்டியே லேசாகச் சுற்றியது.